செம்மண் தளமும் தரவரிசையும்

புதுச்சேரி நகரின் வடபால் நெசவாளர் குடியிருப்பாய் வளர்ந்து, பாரதியார் உலாவிய குயில்தோப்பினால் இலக்கியப் புகழும் எய்திய முத்தியால்பேட்டைக்கும், பாரிஸ் மாநகரில் ஆண்டுதோறும் வைகாசியில் செங்கற்பொடி பரப்பிய தளத்தில் நடைபெறும் டென்னிஸ் போட்டிக்கும் யாது சம்பந்தம் என வினவுவோர்க்குச் சரித்திரமே விடை கூறும். 1928இல் எழுந்த அப்போட்டியின் அரங்கிற்குத் தம் பெயரை ஈந்த விமானி ரோலான் காரோஸ், புதுச்சேரியிலும் காரைக்காலிலும் நம்மவர் ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறிச் சென்றடைந்த ரீயூனியன் தீவில் 1888இல் பிறந்தவர். 1913இல் மத்தியதரைக் கடலை இடையில் இறங்காது முதன்முதலாகப் பறந்து கடந்த தீரர்.

காலமும் புதுச்சேரியையும் டென்னிஸையும் பிணைத்திருக்கிறது. 1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியினின்று விடுபடுவதற்குச் சில மாதங்கள் முன்னர்தான், நாகர்கோவிலில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். புதுச்சேரியின் சட்டபூர்வமான ஆட்சி மாற்றம் நிறைவேறிய 1962இல், அவரே பாரிஸ் செம்மண்ணில் காலிறுதி வரை முன்னேறினார்.

கிருஷ்ணன் ஆடிய அக்காலத்தில் உலகத் தரவரிசை என்பது பத்திரிகை விமர்சகர்களின் அபிப்பிராயமே. 1973 ஆகஸ்டில் கணிப்பொறிக் கணக்கு வந்தபின், ஓராண்டில் ஈட்டிய புள்ளிகளே ஆட்டக்காரரின் அந்தஸ்தை நிர்ணயித்தன. சென்ற ஆண்டு பாரிஸ் போட்டியில் பெற்ற புள்ளிகள் இவ்வாண்டு கழிந்துபோமாதலின், சென்ற முறை செம்மண்ணில் சோபித்தவர் அவற்றைக் காத்தாக வேண்டும். தொடக்கத்திலேயே தோற்றவருக்கோ இழப்பதற்கு அதிகமில்லை, ஏறுவதற்கு இடமுண்டு.

ஆயினும் கணக்கை மீறியது மண்ணின் சுபாவம். பந்தின் வேகத்தைத் தணித்து, உயர எழும்பச் செய்து, நெடுநேரம் பொறுமையுடன் ஆடுபவருக்கே அது வெற்றி தரும். கிருஷ்ணனின் புதல்வர் ரமேஷ் 1979இல் பாரிஸ், விம்பிள்டன் இரண்டிலும் சிறுவர் பட்டம் வென்று, 1985 ஜனவரியில் உலகின் 23ஆம் இடத்தை எய்தியபோதிலும், பெரியோர் பிரிவில் காலிறுதி கண்டது விம்பிள்டனிலும் அமெரிக்கப் போட்டியிலுமே. நளினமான அவரது ஆட்டத்திற்குப் புல்லும் கடினத் தளமும் துணை நின்றன. செம்மண் அவ்வாறு நிற்கவில்லை.

ஆகவே, செம்மண் பருவத்தின் வாயிலில் நிற்கும் ஆட்டக்காரரின் எதிர்காலத்தைப் புள்ளிக் கணக்கால் மட்டும் நிர்ணயிப்பது முறையன்று. இளமையில் அவர் எத்தளத்தில் கால் பழகினார் என்பதையும் நோக்க வேண்டும். பிரான்சுடன் நெடிய உறவு பூண்ட புதுச்சேரி, முத்தியால்பேட்டை போன்ற பேட்டைகளின் பிள்ளைகள் பயில நல்ல செம்மண் தளங்களை அமைத்துத் தருமாயின், அவ்வுறவின் மிகச் சிறந்த பயன் அதுவே ஆகும்.