யாழ்ப்பாணத்தில் பழகிய வயலின்

2024 டிசம்பரில் ஸாகிர் ஹுஸைன் வஃபாத்தானபோது முகநூல் முழுக்கத் தபேலாப் பதிவுகள். ‘சக்தி’ குழுவையும் பலர் நினைவுகூர்ந்தார்கள். அந்தக் குழுவின் வயலினைப் பற்றி இலங்கையர் நாமாவது எழுதியிருக்க வேண்டும்.

எல். சங்கரின் தந்தை வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். சங்கரும் அண்ணன் எல். சுப்பிரமணியமும் சிறுவயதில் வயலின் பழகியது அங்கேதான். 1958 இனக்கலவரத்தோடு குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவர்கள் என்றால் எங்கட ஆட்களுக்கு 1990தான் ஞாபகம் வரும். இது அதற்கு 32 வருடம் முந்திய கதை.

பிறகு அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, ஆங்கிலேய ஜாஸ் கிற்றார் கலைஞர் ஜோன் மெக்லாக்லினை சங்கர் சந்தித்தார். ஜாஸ்காரரும் கர்நாடகக்காரரும் மேடையிலேயே கற்பனை செய்து வாசிப்பவர்கள், அதனால்தான் ஒட்டியது. கூடவே ஸாகிரின் தபேலா, விக்கு விநாயக்ராமின் கடம், ராம்நாட் ராகவனின் மிருதங்கம். 1975 ஜூலை 5இல் நியூயோர்க் மாநிலத்துக் கல்லூரியொன்றில் வாசித்தது மறுவருடம் இசைத்தட்டாக வந்தது. மூன்றே உருப்படிகள். பாட்டுக் கிடையாது. மூன்றாவது மட்டும் அரைமணி நேரத்துக்குக் கிட்ட.

(இசை கூடுமா கூடாதா என்று கொமென்டில் வராதீர்கள். இது வரலாற்றுப் பதிவு.)

கேட்க விரும்புகிறவர்கள் இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள். ஐந்து நிமிடம்கூட இல்லை. கிற்றாரைவிட வயலினைக் கவனியுங்கள்.