சூலூர் வானத்தில் ஒரு கணக்கு



சூலூர்ப் பக்கம் போனால் தலைக்கு மேல் தேஜஸ் போர் விமானம் சீறுவதைக் கேட்டிருப்பீர்கள். 2018இல் அதன் முதல் படைப்பிரிவு இங்கே வந்தது.

சட்டென்று திரும்புவதற்காக, தானாக நிலைத்து நிற்காதபடியே அதை வடிவமைத்திருக்கிறார்கள். கணம் தவறாமல் கணக்குப் போட்டு நிமிர்த்தி வைப்பது மென்பொருள்தான். ஒரே கணக்கு நான்கு தடங்களில் ஓடும். ஒன்று மாறினால் மற்றவை அதை ஒதுக்கிவிடும். (நாலு பேர் ஒரே விடை எழுதினால் வகுப்பில் நான் சந்தேகப்படுவேன். இங்கே அதுதான் நிம்மதி!) இந்தக் கணக்கில் இருந்த குறையால்தான் 1989இல் சுவீடனின் முதல் கிரிப்பன் விமானம் தரையிறங்கும்போது கவிழ்ந்தது. விமானி பிழைத்தார்.

நம் பொறியாளர்கள் இதற்காக அமெரிக்காவில் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தோடு வேலை செய்துகொண்டிருந்தார்கள். 1998 மே மாதம் பொக்ரான் அணுச்சோதனை, உடனே தடை. ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள், கருவிகளை அங்கேயே பிடித்துக்கொண்டார்கள். மிச்ச வேலையைப் பெங்களூரில் நாமே முடிக்க வேண்டியதாயிற்று. எழுதுவதைவிடச் சோதிப்பதுதான் பெரும்பாடு. பறக்காத ஒரு மாதிரியைத் தரையில் நிறுத்தி, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள்.

2001 ஜனவரி 4 அன்று ராஜீவ் கோத்தியால் அதை மேலே கொண்டுபோனார். அவர் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகுதான் கீழே இருந்தவர்கள் மூச்சு விட்டிருப்பார்கள்.