டிரம்முக்குப் புகை போட்ட காலம்

சென்னை மருத்துவக் கல்லூரிகளின் மருந்தியல் ஆய்வகங்களில் ஒரு கைத்தொழில் இருந்தது: டிரம்முக்குப் புகை போடுவது. அதில் கை வைக்காமல் என் தலைமுறை டாக்டர் ஒருவரும் எம்.பி.பி.எஸ். முடித்ததில்லை. மருந்தியல் கற்பித்தே ஓய்வு பெற்று மந்தைவெளியில் இருக்கும் எனக்கு, அந்தத் தொழிலைப் பற்றி எழுதிவைக்க வேண்டிய கடன் இருக்கிறது.

கைமோகிராஃப் என்னும் சுழலும் உருளையை 1847-ல் ஜெர்மனியில் அமைத்தவர் கார்ல் லுட்விக். அதன்மேல் பளபளப்பான வெள்ளைத்தாளை இறுக்கி ஒட்டி, புகையும் சுடருக்கு மேலே உருளையைச் சுழற்றிக்கொண்டே இருப்பார் எங்கள் ஆய்வக உதவியாளர். எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். கரி தடித்தால், இதயத் துடிப்பைக் கோடாகக் கீறும் லீவரின் முனை சிக்கும், மெலிந்தால் கோடு தெரியாது. அவர் போட்ட புகை வெல்வெட் துணிபோல ஒரே சீராக இருக்கும். சோதனை முடிந்ததும் ஊசியால் பெயர், மருந்து, அளவு எல்லாம் கீறி, அரக்கு கரைத்த ஸ்பிரிட்டில் தாளை முக்கி, கயிற்றில் கிளிப் மாட்டிக் காயவைப்போம். காய்ந்தபின் வெட்டி ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

தவளைகள் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்து நீர்நிலைகளிலிருந்து ஈரச்சாக்கில் வரும். மூளையையும் தண்டுவடத்தையும் ஊசியால் அழித்தபின் இதயத்தைத் திறந்து, சைம்ஸ் கேனுலாவைச் செருகி, ரிங்கர் கரைசலை ஓடவிடுவோம். அந்தக் கரைசலுக்கே ஒரு கதை உண்டு. 1880-களில் லண்டனில் சிட்னி ரிங்கர், காய்ச்சி வடித்த நீரில் கரைத்த உப்பே தவளை இதயத்தைத் துடிக்கவைக்கிறது என்று நம்பியிருந்தார். உண்மையில் அவருடைய உதவியாளர் பிடித்துவைத்தது குழாய்த் தண்ணீர். அதிலிருந்த கால்சியம்தான் இதயத்தைக் காத்தது. உதவியாளர் கையில்தான் ஆய்வகம் இருக்கிறது என்று நான் மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்வேன், அண்ணனையும் காட்டுவேன்.

துடிக்கும் இதயத்தில் அட்ரினலின் விட்டால் கோடு உயரும், துடிப்புகள் நெருங்கும். பரிவு நரம்பைத் தூண்டினாலும் அதேதான் நடக்கும். நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்தே இதயத்தோடு பேசுகிறது என்பதை 1921-ல் இரண்டு தவளை இதயங்களை வைத்துக் காட்டியவர் ஓட்டோ லேவி. பாலூட்டிகளின் பரிவு நரம்பில் அந்தப் பொருள் நார்அட்ரினலின், தவளையில் அட்ரினலினே.

மருந்து அலமாரிக்குப் பிந்தி வந்த புட்டி புரோப்ரனலால். 1948-ல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் என்ற அமெரிக்கர், இந்தப் பொருள்களை ஏற்கும் ஏற்பிகளை ஆல்பா, பீட்டா என்று பிரித்தார். பல ஆண்டுகள் அதை அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தியவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக். சிங்கப்பூரில் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவர். நெஞ்சுவலிக்காரரின் இதயத்துக்கு ரத்தத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக, அட்ரினலின் இதயத்தை விரட்டுவதைத் தடுத்தால் அதன் ஆக்சிஜன் தேவையே குறையுமே என்று யோசித்தார். அவருடைய முதல் மருந்தான புரோனெத்தலால் எலிகளில் கட்டியை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. 1964-ல் புரோப்ரனலால் வந்தது. 1988-ல் நோபல் பரிசு.

அந்தப் புட்டியிலிருந்து சில சொட்டு விட்டபின் அட்ரினலின் கொடுத்தால் கோடு எழும்பாது. நரம்பைத் தூண்டினாலும் எழும்பாது. இங்கே நான் மாணவர்களை நிறுத்தி ஒரு கேள்வி கேட்பேன். மருந்து அடைத்தது இதயத்தின் காதையா, நரம்பின் வாயையா? வெளியிலிருந்து ஊற்றிய அட்ரினலினும் தோற்றதால் காதுதான் அடைபட்டது என்பார்கள். சரி. ஆனால் வாய் திறந்துதான் இருக்கிறது என்பதற்கு இந்தக் கோட்டில் சாட்சி இல்லையே!

அதற்கு முயல் குடல் வேண்டும். 1930-ல் ஃபின்கிள்மன் வகுத்த முறையில் குடல்துண்டை அதன் பரிவு நரம்புகளோடு எடுத்து, வெதுவெதுப்பான கரைசலில் தொங்கவிட்டால் அது தானாகவே சுருங்கி விரியும். நரம்பைத் தூண்டினால் அசைவு அடங்கும். நார்அட்ரினலின் ஊற்றினாலும் அடங்கும். குடலை அடக்க ஆல்பா, பீட்டா இரண்டுமே உதவுவதால், கொஞ்சம் புரோப்ரனலால் சேர்த்தால் நரம்பின் வேலை நின்றுவிடாது. செறிவை நன்றாகக் கூட்டினால் நிலைமை மாறும். நரம்பைத் தூண்டியும் குடல் அடங்காது, ஆனால் ஊற்றிய நார்அட்ரினலினுக்கு அடங்கும். அப்படியானால் இப்போது வாயும் அடைபட்டிருக்கிறது. தனித்தெடுத்த திசுக்களில் புரோப்ரனலாலின் இந்த இரண்டாவது முகத்தை 1968-ல் டே, ஓவன், வாரன் ஆகிய மூவர் எழுதினார்கள். நரம்பு முனையிலேயே பீட்டா ஏற்பிகள் இருந்து சுரப்பைக் கூட்டுகின்றன என்பது 1975-ல் தெரியவந்தது. மாத்திரையாகச் சாப்பிடும் அளவில் நரம்பை நேரே ஊமையாக்கும் செறிவு ரத்தத்தில் வருவதில்லை. இருந்தும் ஒரு மருந்துக்கு ஒரே வேலைதான் என்று நம்பிவிடக் கூடாது என்பதைக் கண்ணால் கண்டு கற்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

மருந்துக்கடையில் புரோப்ரனலால் மலிவாகக் கிடைத்ததிலும் சென்னைக்குப் பங்கு உண்டு. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்கார் 1959-ல் அளித்த அறிக்கையின் அடிப்படையில்தான் 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் பிறந்தது. மருந்துப்பொருளுக்கு அல்ல, தயாரிக்கும் முறைக்கே காப்புரிமை என்றது அது. சிப்லா போன்ற இந்திய நிறுவனங்கள் தாங்களே புரோப்ரனலால் தயாரித்து விற்க அந்தச் சட்டம் துணைநின்றது.

தவளைகளின் பக்கம் பேசியவர்களும் இதே ஊர்க்காரர்கள். கேப்டன் வி. சுந்தரம் 1959-ல் தியாகராய நகரில் தொடங்கிய புளூ கிராஸ், தவளையைக் கணினித் திரையிலேயே அறுத்துப் பார்க்கும் காம்ப்யூஃப்ராக் மென்பொருளை உருவாக்கியது. தவளைக்கால் ஏற்றுமதிக்கு இந்தியா 1987-ல் தடை போட்டது. பிறகு புதுச்சேரி ஜிப்மரில் மருந்தியல் பேராசிரியர் ஆர். ரவீந்திரன் எக்ஸ்ஃபார்ம் மென்பொருளைச் செய்தார். தவளை இதயச் சோதனை திரைக்குள் போனது. விதிகளும் மாறின. ஒரே கோட்டை ஆண்டுதோறும் வரைவதற்காக அத்தனை உயிர்களைக் கொன்றது தேவையற்றது என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். ஆனால் திரையிலுள்ள தவளை ஒருபோதும் பிசகுவதில்லை. உண்மையான இதயம் பிசகும். சில நாள் அட்ரினலினுக்கே அசையாது. ஏன் என்று தேடும்போதுதான் மாணவருக்கு மருந்தியல் வரும்.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளில் வயதான டாக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் பரணில் அந்த ரெக்கார்டு நோட்டு இன்னும் கிடக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அரக்கு பூசிய தாள்களோடு, எந்த ஆண்டு, எந்தக் கல்லூரி, புகை போட்டுக் கொடுத்தவர் யார் என்றும் ஒரு சீட்டில் எழுதி, நீங்கள் படித்த கல்லூரியின் மருந்தியல் துறைக்குக் கொடுத்துவிடுங்கள்.