மோட்டார் சைக்கிளில் வந்த மெட்டு

90களில் கஹவத்தைப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ‘டெக்’ என்றால் விளக்கம் தேவையில்லை. தேர்த் திருவிழா முடிந்த இரவிலும் சடங்கு வீட்டிலும் டவுனுக்குப் போய் டிவியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து வருவார்கள். லயத்து வாசலில் மேசை போட்டு, விடியும்வரை படம். ரஜினி படம் ஒன்றும் விஜயகாந்த் படம் ஒன்றும் ஓடி முடிந்து, பெரியவர்கள் படுக்கப் போன பிறகு, இளவட்டங்களுக்காக ஓர் இங்கிலீஷ் படம் போடுவார்கள். அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் நடித்த ‘டேர்மினேட்டர் 2’ எங்கள் பக்கத்துக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது.

1991இல் வெளியான அந்தப் படத்தின் ஆரம்பத்திலேயே ஒரு காட்சி. எதிர்காலத்திலிருந்து வந்த இயந்திர மனிதன் ஒரு மதுக்கடைக்குள் புகுந்து, உடுப்பு, சப்பாத்து, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு வெளியே வருவான். கறுப்புக் கண்ணாடியை மாட்டி வண்டியைக் கிளப்பும் நேரத்தில் ஒரு கிட்டார் இறங்கும். ஐந்தே தட்டு. ஒரு நிறுத்தம். மறுபடி அதே ஐந்து. வசனத்தில் ஒரு சொல்லும் விளங்காத பிள்ளைகளுக்கும் அது மட்டும் விளங்கியது. மறுநாள் காலை பீலியடியில் குளிக்கும்போது வாயாலேயே அதை அடித்துக் காட்டாத பையன் இல்லை. அது என்ன பாட்டு, யார் வாசித்தது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. பெயர் தெரியாத அந்தப் பாதி ஞாபகத்தின் பூர்வீகத்தை இந்த வாரம் தேடிப் போவோம். வழி நீளமானது. போய்ச் சேரும் இடமும் ஒரு தோட்டம்தான்.

பாட்டின் பெயரைச் சொல்ல இன்று கைத்தொலைபேசியில் செயலிகள் இருக்கின்றன. படத்தை ஓடவிட்டுக் கேட்கவைத்தால் பெயர் வந்துவிடும். ஆனால் ஒரு மெட்டுக்குத் தகப்பன் யார், பாட்டன் யார் என்று தெரிய வேண்டுமானால் காதைத்தான் நம்ப வேண்டும். முணுமுணுத்துப் பார்த்துச் சுரமாக எழுதுங்கள்: ச – ம – ச – க – ச. அடித்தளத்தில் நின்று, மத்யமத்துக்கு ஏறி, திரும்ப வந்து, காந்தாரத்தைத் தொட்டு, மறுபடி ஷட்ஜத்தில் அமர்கிறது. அந்தக் காந்தாரம் சாதாரண காந்தாரம். அதையும் கிட்டார்காரர்கள் நேராக நிறுத்துவதில்லை. கம்பியைக் கொஞ்சம் இழுத்து அசைக்கிறார்கள். மேற்கத்திய இசைக்காரர்கள் ‘புளூ நோட்’ என்று பேர் வைத்திருக்கும் இந்த அசையும் சுரம், நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்நியமானதில்லை. பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் இப்படிப்பட்ட சின்னத் துண்டைத்தான் ‘ரிஃப்’ என்கிறார்கள்.

இந்த ரிஃபில் சுரத்தைவிட முக்கியமானது அதற்கப்புறம் வருகிற வெற்றிடம். வாத்தியக் குழு முழுவதும் ஒன்றாகத் தட்டிவிட்டு நின்றுவிடுகிறது. அந்த இடைவெளிக்குள் பாடகர் ஒரு வரியைப் போடுகிறார். காமன் கூத்தில் பாட்டுக்காரர் அடியெடுக்கும்போது தப்பு அடங்கி, அடி முடிந்ததும் எழும்புமே, அந்த ஒழுங்குதான் இது.

பாட்டின் பெயர் ‘பேட் டு த போன்’. 1982இல் வந்தது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் தொரோகுட் பாடி வாசித்தது. விரலில் ஒரு குழாயை மாட்டிக் கம்பியின் மேல் வழுக்கிச் செல்லும் ‘ஸ்லைட்’ முறையில் தேர்ந்தவர் அவர். சித்திர வீணைக்காரர்கள் கையில் உருளையை வைத்து வாசிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் எப்படிப் பிறக்கிறது என்று தெரியும். தொரோகுட் தன் மெட்டின் மூலத்தை மறைக்கவில்லை. அந்தப் பாட்டுக்கு எடுத்த வீடியோவில் அவரோடு பில்லியட்ஸ் மேசையில் விளையாடுகிறவர் போ டிட்லி. அடுத்து எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பதற்கு அது போதும்.

போ டிட்லி 1955 மார்ச்சில் சிகாகோவில் ‘ஐ ஆம் எ மேன்’ என்று ஒரு பாட்டைப் பதிவு செய்தார். அதே ச-ம-ச-க-ச, அதே நிறுத்தம். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. இரண்டு மாதம் கழித்து, அதே கொம்பனிக்காக, நாற்பதைத் தாண்டிய மடி வோட்டர்ஸ் ‘மேனிஷ் போய்’ பாடினார். ரிஃப் மாறவில்லை. நியாயமும் மூத்தவர் பக்கம் இருந்தது. ஏனென்றால், தட்டி நிறுத்திப் பாடும் அந்த நடையே 1954 ஜனவரியில் அவர் பதிவு செய்த ‘ஹூச்சி கூச்சி மேன்’ பாட்டிலிருந்து வந்தது. அதை எழுதிக் கொடுத்தவர் வில்லி டிக்ஸன். மூத்தவரின் நடையை இளையவர் வாங்கி இறுக்கினார். மூத்தவர் அதைத் திருப்பி வாங்கி, “நீ இன்னும் பையன்தான்” என்கிற தொனியில் எதிர்ப்பாட்டுப் பாடினார். ‘மேனிஷ் போய்’ பாட்டின் உரிமையில் போ டிட்லியின் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. தெருக்கூத்தில் எசப்பாட்டுக் கேட்டவர்களுக்கு இந்தச் சண்டையின் ருசி புரியும். ஆனால் அதற்கு அடியில் வலியும் இருக்கிறது. தலை நரைத்த கறுப்பினத்தவரையும் வெள்ளைக்காரத் துரைமார் பையன் என்று கூப்பிட்ட நாட்டில், நான் ஆம்பளை என்று ஒருவர் மேடையேறி முழங்குவது வெறும் வீறாப்பு இல்லை.

மடி வோட்டர்ஸின் சொந்தப் பெயர் மெக்கின்லி மோர்கன்ஃபீல்ட். பாட்டி வளர்த்த பிள்ளை. மிசிசிப்பி மாநிலத்தில் கிளார்க்ஸ்டேல் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டோவல் பருத்தித் தோட்டத்தில் வளர்ந்தார். துரை குடும்பத்தின் பெயரே தோட்டத்தின் பெயர். அடிமை முறை 1865இலேயே சட்டப்படி முடிந்துவிட்டது. ஆனால் விளைச்சலில் பங்கு என்ற பேரில் வேலை வாங்கினார்கள். விதைக்கும் மாவுக்கும் உடுப்புக்கும் தோட்டத்துக் கடையில் கடன். வருடக் கடைசியில் துரை கணக்குப் புத்தகத்தை விரித்தால் பற்றுத்தான் மிஞ்சும். கடன் தீராமல் கிளம்பவும் முடியாது. துண்டு முறையில் கங்காணியின் கடன் கணக்கோடு தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றப்பட்ட நம் பூட்டன்மாரின் கதையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். இங்கே துண்டு முறை 1921இல் ஒழிந்தது. அங்கே பங்குக் குத்தகை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் இருந்தது. ஓபாத்தையிலோ எந்தானையிலோ இறப்பர் பால் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த இசை எட்டாத வெள்ளைக்காரச் சரக்கு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1941 ஓகஸ்டில் அந்தத் தோட்டத்துக்கு ஒரு கார் வந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டுப் பாடல்களைச் சேகரித்த அலன் லோமக்ஸும், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்து இசை ஆசிரியர் ஜோன் வோர்க்கும் வந்தார்கள். காரின் பின்பக்கத்தில் தட்டு வெட்டும் பாரமான ஒலிப்பதிவு இயந்திரம். மடி வோட்டர்ஸ் பயந்துவிட்டார். அவர் களவாகச் சாராயம் விற்றுக்கொண்டிருந்தவர். வந்தது கலால் அதிகாரி என்று நினைத்தார். விஷயம் தெரிந்ததும் தன் வீட்டிலேயே உட்கார்ந்து பாடினார். பாடியதை அவர்கள் அந்த இடத்திலேயே திரும்பப் போட்டுக் காட்டினார்கள். தன் குரலைத் தட்டில் கேட்ட அந்த நேரத்தில்தான், பாட்டே தன் தொழில் என்ற நம்பிக்கை வந்ததாகப் பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். பிறகு தபாலில் இரண்டு பிரதிகளும் 20 டொலரும் வந்தன.

தோட்டத்தில் அவருக்கு டிராக்டர் ஓட்டும் வேலை. மணித்தியாலத்துக்கு இருபத்திரண்டரை சதம். 1943இல் அதை 25 சதமாக ஆக்கச் சொல்லி மேற்பார்வையாளரிடம் கேட்டார். இரண்டரை சதம்! ஏச்சுத்தான் கிடைத்தது. அதோடு ரயிலேறி சிகாகோவுக்குப் போய்விட்டார். அதற்கு மூன்று வருடம் முன்னால், 1940 ஜனவரியில், இங்கே முல்லோயா தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானார். நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வேண்டும் என்ற கோரிக்கைக்காக நம் தலைமுறையும் வருடக்கணக்காகத் தெருவில் நின்றது.

சிகாகோவில் கிட்டார் மாறியது. தோட்டத்து வாசலில் சாதாரண மரக் கிட்டார் போதும். நகரத்து மதுக்கடைகளில் சனம் நெரிந்து சத்தம் போடும்போது அது எடுபடவில்லை. மின்சாரக் கிட்டாரைக் கையில் எடுத்தார். ஒலிபெருக்கியின் வழியே வந்தபோது சுரம் நீண்டு நின்றது, கரகரத்தது. ஐந்து சுரத்தைத் தட்டி நிறுத்தினாலும் சபை அடங்கும் பலம் அந்தச் சத்தத்துக்கு இருந்தது.

மற்றவர்கள் இந்தக் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தார்கள். 1958இல் மடி வோட்டர்ஸ் மின்சாரக் கிட்டாரோடு இங்கிலாந்து போனபோது, சத்தம் அதிகம் என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். 1961இல் டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் மிக் ஜாகர் கையில் மடி வோட்டர்ஸ் இசைத்தட்டைக் கண்டு பேச்சுக் கொடுத்தார் கீத் ரிச்சர்ட்ஸ். அவர்கள் தொடங்கிய குழுவின் பெயரே மடி வோட்டர்ஸின் 1950ஆம் வருடப் பாட்டிலிருந்து வந்தது. சிறு வயதில் மடி வோட்டர்ஸின் ஓர் ஒலிப்பதிவைக் கேட்டுப் பயந்துபோனதாகச் சொன்ன ஜிமி ஹென்ட்ரிக்ஸ், வளர்ந்தபின் அந்தப் பயத்தையே இசையாக்கினார். அயர்லாந்துக்காரர் ரோரி கல்லகர் மடி வோட்டர்ஸின் இலண்டன் பதிவில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார். ஜோனி வின்டர் ‘மேனிஷ் போய்’ பாட்டைப் புதிதாகப் பதிவு செய்து 1977இல் வெளியிட்டு, கிழவரின் குரலுக்கு மறுபடி இடி சேர்த்தார். இவர்களில் யார் பெரியவர் என்று இளைஞர்கள் என்னைக் கேட்பதுண்டு. விரல் வேகத்தை வைத்து அளப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் வாக்கு பி.பி.கிங்குக்கு. அவரும் மிசிசிப்பியில் டிராக்டர் ஓட்டியவர்தான். பாடிக்கொண்டே வாசிக்கத் தனக்கு வராது என்று சொல்வார். அதனால் குரல் நிற்கும் இடத்தில் மட்டும் கிட்டார் பேசும். அநேகமாக ஒரே சுரம், நீண்ட அசைவோடு. அந்த ஒன்றுக்காக நாம் காத்திருப்போம்.

கடன் வாங்கியவர்கள் எல்லோரும் தொரோகுட்டைப் போல வெளிப்படையாக இருக்கவில்லை. வில்லி டிக்ஸன் எழுதி மடி வோட்டர்ஸ் பாடிய இன்னொரு பாட்டின் வரிகளை லெட் ஸெப்லின் குழு தங்கள் 1969ஆம் வருடப் பாட்டில் பெயர் போடாமல் எடுத்தது. டிக்ஸன் 1985இல் வழக்குப் போட்டார். 1987இல் சமரசம் செய்து பங்கு பெற்றார்.

ஏறத்தாழ மடி வோட்டர்ஸின் வயதுக்காரர் நம் சி.வி.வேலுப்பிள்ளை. 1914இல் பூண்டுலோயாப் பக்கம் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர். லோமக்ஸ் இயந்திரத்தோடு செய்த வேலையை இவர் காகிதத்தில் செய்தார். தோட்டம் தோட்டமாகக் கேட்டு எழுதிய பாடல்களை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாக்கினார். அவர் இல்லையென்றால் வரிகளும் போயிருக்கும். ஆனால் அச்சில் மெட்டு ஏறாது. அடி எங்கே நின்றது, எந்தச் சுரத்தில் குரல் நடுங்கியது என்று புத்தகம் சொல்லாது. 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு பாடியவர்களில் பலர் கப்பலேறிக் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போனார்கள். 1977, 1981 வன்செயல்களில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு ஓடியவர்கள் தப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க முடியாது.

மடி வோட்டர்ஸின் பாட்டும் ஒருமுறை மயிரிழையில்தான் தப்பியது. 1976 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ‘த பேன்ட்’ குழுவின் விடைபெறும் கச்சேரியில் மடி வோட்டர்ஸ் ‘மேனிஷ் போய்’ பாடினார். படமெடுத்தவர் மார்ட்டின் ஸ்கோர்ஸேஸி. அந்தப் பாட்டு நேரத்தில் கமெராக்களை நிறுத்தச் சொல்லி உத்தரவு. லாஸ்லோ கோவாக்ஸ் என்ற ஒளிப்பதிவாளர் காதுக் கருவியைக் கழற்றிவைத்திருந்ததால் அது அவருக்குக் கேட்கவில்லை. அவர் ஒருவரின் கமெரா ஓடியதால் நமக்கு அந்தக் காட்சி கிடைத்தது.

நம் தப்படிக்கு அப்படி ஓர் அதிர்ஷ்டம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். கஹவத்தை, பெல்மதுளை, ஓப்பநாயக்கப் பக்கத் தோட்டங்களில் பிரட்டுத் தப்பும் சாவுத் தப்பும் காமன் கூத்து அடியும் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால், இந்த வாரமே போய்க் கைத்தொலைபேசியில் பதியுங்கள். எந்த அடி எதற்கு என்று அவர் வாயாலேயே முதலில் சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வோர் அடியையும் மெதுவாக ஒருமுறை, வழக்கமான வேகத்தில் ஒருமுறை. தோட்டத்தின் பெயர், டிவிசன், திகதி மூன்றையும் பதிவிலேயே உரக்கச் சொல்லுங்கள். பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். பதிந்ததை அங்கேயே போட்டுக் கேட்கவும் வையுங்கள்.

(தொடரும்)