காத்திருப்பும் கணக்கும்

வீரமாமுனிவர் பணியாற்றிய ஊர்களுள் நம் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரும் ஒன்று என்பதை வட்டத்து அன்பர்கள் அறிவர். அவ்வூரிலும் பிற கத்தோலிக்கக் கோயில்களிலும் கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நான்கு வாரங்களைத் 'திருவருகைக் காலம்' என்பர். விழாவுக்கான ஆயத்தம் என்றே பலரும் அதனைக் கருதுகின்றனர். வந்து சென்றவர் மீண்டும் வருவார் என்னும் எதிர்பார்ப்பும் அப்பெயருள் அடங்கியுள்ளது. அரமேய மொழியில் 'மாரநாதா' என்று அழைத்த தொடக்ககாலச் சபையார், தம் வாழ்நாளிலேயே அவ்வருகையை எதிர்நோக்கினர். தெசலோனிக்கேயாவில் சிலர் தொழிலை விட்டுச் சோம்பித் திரிய, பவுலடிகள் அவர்களைக் கடிந்து எழுத நேர்ந்தது.

திருச்சபை ஆண்டுக்கொரு பருவமாக அமைத்துக்கொண்ட இக்காத்திருப்பைச் சிலர் அன்றாட வாழ்வாகவே கொண்டனர். தமிழகத்தில் அத்தகையோருள் நினைக்கத்தக்கவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810-1867). பாளையங்கோட்டையில் இரேனியுஸ் ஐயரிடம் பயின்றவர். பின் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்னும் ஆங்கிலேயருடன் இணைந்தார். கிறிஸ்து எந்நாளும் வரலாம், அந்நாளை எவரும் அறியார் என்பது குரோவ்ஸ் சார்ந்த சகோதரர் இயக்கத்தின் கொள்கை. அருளப்பன் எந்த மிஷனிடமும் சம்பளம் பெறாது, 1840-இல் கிறிஸ்தியான்பேட்டை என்னும் சிற்றூரை உருவாக்கினார். 1860-இல் அங்கே எழுப்புதல் மூண்டது. அழுகையும் தரிசனமும் அன்னிய பாஷையுமாக எளிய மக்கள் கூடினர். பெண்களும் வாய்திறந்து பேசினர்.

அவ்வெழுச்சி 1873 முதல் திருவிதாங்கூரிலும் பரவிற்று. அங்கே அதன் வயப்பட்டவர் வித்துவான்குட்டி எனப்பட்ட யுஸ்தூஸ் யோசேப்பு. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் இராமையனாகப் பிறந்து, இசை பயின்று, 1861-இல் ஞானஸ்நானம் பெற்று, ஆங்கிலிக்கன் குருவானவர். 1875-இல் அவர் தம் சபையை விட்டு வெளியேறினார். இன்னும் ஆறே ஆண்டு, 1881-இல் கிறிஸ்து வருவார் என்று அவரைச் சார்ந்தோர் நாள் எண்ணத் தொடங்கினர். அருளப்பனின் வழி வந்த நெருப்புத்தான். ஆயினும் நாள் குறித்ததும் அதன் தன்மையே மாறிவிட்டது.

1881-உம் வந்தது, அவர் வரவில்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் கூட்டத்தார் 1844 அக்டோபர் 22-ஆம் நாள் கண்ட ஏமாற்றமும் இத்தகையதே. யோசேப்பின் கூட்டத்தாரோ, வருகை ஆவிக்குரிய வகையில் நிகழ்ந்துவிட்டது என்று பொருள் உரைத்து, 'யுயோமயம்' என்னும் புதுநெறியாகத் தம்மை அமைத்துக்கொண்டனர்.

இதனை நகைத்து ஒதுக்க என்னால் இயலவில்லை. முல்லைத்திணை கற்ற நம்மவர்க்கு இக்காட்சி புதிதன்று. கார்காலத்தில் மீள்வேன் என்று தலைவன் சொல்லிச் சென்றான். மழை பெய்து கொன்றையும் பூத்துவிட்டது, தேர் வரவில்லை. தோழி என்ன செய்கிறாள்? இது கார் அன்று, பேதைக் கொன்றை பருவமறியாது பூத்துவிட்டது என்கிறாள். பருவம் அன்று எனக் கூறும் இத்துறையைப் பொய்யென்று எந்த உரையாசிரியரும் பழித்ததில்லை. தலைவியின் உயிரைத் தாங்கிப் பிடிக்கும் சொல் அது. 1881-க்குப் பின் அம்மக்கள் தமக்குத் தாமே தோழியாயினர் என்றுதான் நான் கொள்கிறேன். ஒரு வேறுபாடு உண்டு: இங்கே பருவம் குறித்தவன் தலைவன் அல்லன்.

யோசேப்பு 1887-இல் மறைந்தார். அவரைப் பின்பற்றியோர் சிறு கூட்டமாகச் சுருங்கினர். மணவாளனைக் காண ஏங்கும் மணமகளின் குரலில் அவர் மலையாளத்தில் இயற்றிய பாடல்களை மட்டும், அவர் குறித்த நாளை ஏற்காத கேரளத்துச் சபைகளும் இன்றளவும் பாடிவருகின்றன.