நம்ம ஊர்ல அனியூரிசமே கம்மியா?

1/ சிவகாசி பக்கத்துக்காரங்களுக்கு வெடிச்சத்தம் புதுசில்ல. ஆனா சத்தமே இல்லாம தலைக்குள்ள வெடிக்கிற ஒண்ணு இருக்கு. மூளை அனியூரிசம், அதாவது ரத்தக்குழாய்ப் புடைப்பு. "இந்தியர்களுக்கு இது ரொம்பக் கம்மி"ன்னு ஒரு காலத்துல டாக்டர்களே நம்பினாங்க. ஏன்? #த்ரெட்

2/ மூளையின் முன்பக்கத்துக்கு இடது, வலதுன்னு ரெண்டு ரத்தக்குழாய் போகுது. ரெண்டையும் ஒரு குட்டிப் பாலம் இணைக்குது. மூளை அனியூரிசங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒண்ணு இந்தப் பாலத்துலதான். பெரும்பாலும் காம்புள்ள பழம் மாதிரி புடைக்கும். சிலதுல குழாயே முழுசா வீங்கும். இதய வால்வுல கிருமித்தொற்று இருந்தாலும் வரலாம். பாலத்தைத் தாண்டி மேலே வர்றது குறைவு, ஆனா சின்ன சைஸ்லயே வெடிச்சிடும்.

3/ மண்டையோட்டுக்குள்ள இதை எப்படிப் பார்க்கிறது? 1927ல லிஸ்பன்ல எகாஸ் மோனிஸ், கழுத்துத் தமனியில சோடியம் அயோடைடு செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். அதுக்கு முன்னாடி வேற மருந்து போட்டுப் பார்த்ததுல ஒரு நோயாளி இறந்தே போனார். 1937ல அமெரிக்காவுல வால்டர் டேண்டி, புடைப்போட கழுத்துல வெள்ளி கிளிப் போட்டு அடைச்சார்.

4/ சென்னை அரசு பொது மருத்துவமனையில 1950ல நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கினவர், சீர்காழியில பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி. இந்தியாவுல அனியூரிசம் மேற்கு நாடுகளை விடக் குறைவுன்னு 1969ல அவர் எழுதின கட்டுரை உலக அளவுல பேசப்பட்டது.

5/ இங்கதான் கவனிக்கணும். அந்தக் கணக்குல வந்தது, பெரிய ஆஸ்பத்திரியை உயிரோட எட்டினவங்க மட்டும். விருதுநகர்ல ஒருத்தர் தலையைப் பிடிச்சிட்டு விழுந்தா, மெட்ராஸ் சுமார் 500 கிலோமீட்டர். வழியிலயே போனவர் எந்தக் கணக்குலயும் இல்ல. இல்லாததும் கண்டுபிடிக்காததும் ஒண்ணில்லைன்னு பின்னாடி வந்தவங்க சொன்னாங்க.

6/ 1971ல முதல் நோயாளிக்கு சிடி ஸ்கேன் எடுத்தாங்க. நிலைமை மாறுச்சு. ரெண்டு முன்மூளைக்கும் நடுவுல வெள்ளையா ரத்தம் தெரிஞ்சா அந்தப் பாலத்து மேலதான் முதல் சந்தேகம். அடுத்து சிடி ஆஞ்சியோ. கிளிப்பா, 1990ல வந்த காயிலான்னு முடிவு பண்ண பல நேரம் டிஎஸ்ஏ. இன்னிக்கு விருதுநகர்லயே, 2022ல திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு.

7/ அதனால, நொடியில உச்சத்துக்குப் போற தலைவலி, வாந்தி, கழுத்து இறுக்கம், மயக்கம் வந்தா மாத்திரை போட்டுத் தூங்காதீங்க. சிலர் குழம்பிப் பேசுவாங்க, "குடிச்சிருக்கார்"னு விட்டுடாதீங்க. முதல் 6 மணி நேரத்துல எடுக்கிற சிடி கசிவைத் தவறவிடுறது ரொம்ப அரிது. 108க்குக் கூப்பிடுங்க. பி.பி. மாத்திரையை நிறுத்தாதீங்க, பீடி சிகரெட்டை நிறுத்துங்க.