வங்கக் கடலில் ஒரு கோடு

சென்னையில் நள்ளிரவில் விமானமேறும் அன்பர் மறுநாள் முற்பகலில் பத்துமலையின் 272 படிகளை ஏறிவிடலாம். அங்கே தைப்பூசம் தொடங்கிய 1892-இல் நீராவிக் கப்பலில் வந்தவருக்கு இப்பயணம் ஏறத்தாழ ஒரு வாரம் பிடித்தது. ஆயின் தொலைவு குறைந்ததா? சென்னை விமான நிலையத்திற்கும் சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் நிலையத்திற்கும் நேர்க்கோட்டுத் தொலைவு சுமார் 2,630 கிலோமீட்டர். 1965-இல் திறக்கப்பட்ட சுபாங்கிலிருந்து 1998-இல் சிப்பாங்கிற்கு மாறியபோது, அது முப்பது கிலோமீட்டருக்கு மேல் கூடவே செய்தது.

கப்பல் வழியும் இதனினும் மிக நீண்டதன்று. வங்கக் கடலில் குறுக்கே பெருநிலம் இல்லை. சுமத்திராவின் வடமுனையை ஒட்டி மலாக்கா நீரிணைக்குள் கப்பல் புகுந்த தடத்தை ஏறக்குறைய ஒட்டியே விமானமும் பறக்கிறது. மாறியதெல்லாம் நேரமே.

பட்டினப்பாலை கூறும் காழகம் கடாரமே என உரை கண்டார் நச்சினார்க்கினியர். அது இன்றைய கெடா என்பர் ஆய்வாளர் பலர். அந்நாளில் காற்றே காலத்தை அளந்தது. ஒரு பருவக்காற்றில் வந்த வணிகன், திசை மாறி வீசும் அடுத்த பருவம் வரையில் துறையில் காத்திருந்தான்.

நீராவிக் கப்பல் அந்தக் காத்திருப்பைப் போக்கியது. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் எனச் சென்றது. மேல்தளத்தில் பாய் விரித்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அப்பெயரை அறிவர். கங்காணியோடு வந்த தொழிலாளர் கரை இறங்கியதும் நோய்த்தடுப்பு முகாமில் மேலும் சில நாள் கழித்தே தோட்டம் சேர்ந்தனர். திரும்பிப் போவதோ அதனினும் அரிது. தாய் மறைந்தாள் என்னும் தந்தி ஒரே நாளில் வந்துவிடும். பணம் புரட்டி, கப்பல் வரும் நாளுக்குக் காத்திருந்து புறப்படும் மகன், பதினாறாம் நாள் கருமாதிக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிது. கொள்ளி வைக்கும் பேறு அவனுக்கு இல்லை.

விமானத்திற்கு நான்கு மணி நேரம் போதும். (நிலையத்திற்கு முன்னதாகச் சென்று காத்திருக்கும் மூன்று மணி நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை!) கடிகாரமோ வேறு கணக்குச் சொல்லும். சென்னையில் பன்னிரண்டுக்குப் புறப்பட்டால் இங்கே காலை ஆறரை. இங்கிருந்து பன்னிரண்டுக்குப் புறப்பட்டால் அங்கே ஒன்றரை. மலேசியத் தீபகற்பம் 1982-இன் தொடக்கத்தில் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளும்வரை இவ்வேறுபாடு இரண்டு மணி நேரமாகவே இருந்தது.

'ரஜூலா' 1973-இல் ஓய்ந்தது. அதற்குப்பின் ஓடிய 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். அக்கப்பல் பயணிகளை ஏற்றுவதும் அத்தோடு நின்றது. முன்பு தஞ்சைச் சீமையார் வீட்டிற்கு அருகே நாகப்பட்டினத்தில் கப்பலேறினர். இன்று அவர்கள் மேற்கே திருச்சிராப்பள்ளி வரை சென்று விமானமேறுகின்றனர். அங்கிருந்து கோலாலம்பூருக்கு நேர்க்கோடு இழுத்தால், அது மீண்டும் கிழக்கே வந்து, நாகைக்குத் தெற்கே வேதாரணியத்தை ஒட்டிக் கடலில் இறங்குகிறது.